ஊகமா, கணிப்பா, துப்பறிதலா? பகுத்தறியும் சொற்களுக்குச் சரியான ஜப்பானியச் சொல்லைத் தேர்வது எப்படி

இந்த வேலைக்கு நான் வந்த புதிதில், ஓர் இயந்திரக் கோளாறு அறிக்கையை ஆங்கிலத்திலிருந்து ஜப்பானியத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். வெப்பநிலைப் பதிவுகளைப் பார்த்து, பேரிங் தேய்ந்திருக்கிறது என்ற முடிவுக்குப் பொறியாளர் வந்ததாக ஒரு வரி. அந்த வரியில் இன்ஃபரன்ஸ் என்ற சொல் இருந்தது. அகராதியைத் திறந்தால் சுய்ரொன், சுய்ரி, சுய்சொக்கு, சுய்த்தே என்று வரிசையாக நிற்கின்றன. காதுக்கு இனிமையாக இருந்த சுய்ரியை எடுத்துப் போட்டுவிட்டேன். திருத்திக் கொடுத்த ஜப்பானிய அம்மையார் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "குற்றவாளி யார் என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரியுமோ?"

அந்தப் பென்சில் வரி இன்றுவரை மறக்கவில்லை. ரீசன், இன்ஃபரன்ஸ், ஆர்க்யுமென்ட், அசம்ப்ஷன் போன்ற சொற்களோடு மல்லுக்கட்டப்போகும் புதியவர்களுக்காக, நான் பின்பற்றும் வழியை இங்கே எழுதுகிறேன். ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவதால் ஒலி முழுமையாக வராது. கிரொன் என்பதில் முதலெழுத்து 'கிராமம்' என்பதில் வருவதுபோல ஒலிக்கும். தோரி என்பதில் வரும் 'தோ', 'தோஷம்' என்பதில் வருவதுபோல. எந்தச் சொல்லையும் ஒலியோடு கூடிய அகராதியில் ஒருமுறை கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஆங்கிலச் சொல்லை முதலில் மூடிவையுங்கள்

அகராதியைத் திறப்பதற்கு முன் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எழுத வேண்டியதில்லை, வாய்விட்டுச் சொன்னால் போதும். தமிழ் வினை உங்களை ஒரு பக்கம் தள்ளும். அவர் ஊகித்தாரா? கணித்தாரா? துப்பறிந்தாரா? ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பெற்றாரா? பிறர் மனத்தை உணர்ந்துகொண்டாரா? ஆங்கிலம் ஒரே சொல்லால் மூடிவைத்திருந்த வேறுபாடு தமிழில் சொன்னதும் வெளியே வந்துவிடும். ஜப்பானியமும் இந்த இடத்தில்தான் பிரிகிறது.

பிறகு இரண்டு கேள்விகள். கையில் என்ன சான்று இருக்கிறது? சொல்பவர் எவ்வளவு உறுதியாக இருக்கிறார்? இவற்றுக்கு விடை தெரியாமல் எந்தச் சொல்லையும் தொடாதீர்கள். மூல ஆசிரியருக்கே விடை தெரியாத சமயங்களும் உண்டு. அப்போது அவரிடம் கேட்டு எழுதுவதுதான் நாணயமான வழி.

'சுய்' குடும்பம்

மேலே சொன்ன நான்கு சொற்களுக்கும் முதலில் வரும் கான்ஜி எழுத்து (சீனத்திலிருந்து ஜப்பானியம் எடுத்துக்கொண்ட எழுத்து) ஒன்றுதான். இடப்பக்கம் கை, வலப்பக்கம் குறுவால் பறவை. பொருள்: தள்ளு. தெரிந்ததைத் தள்ளிக்கொண்டுபோய்த் தெரியாததைத் தொடுவது. தமிழில் உய்த்துணர்தல் என்கிறோமே, அந்த 'உய்த்தல்' என்பதற்கும் செலுத்துதல் என்றுதான் பொருள். இரண்டு மொழிகளும் ஒரே உருவகத்தைப் பிடித்திருப்பதை அறிந்த நாளில் எனக்கு அகராதிமீது இருந்த கோபம் பாதி குறைந்தது.

இந்த எழுத்துக்கு ஒரு கதை உண்டு. சீனத்துத் தாங் காலக் கவிஞர் ஜியா தாவ், நிலவொளியில் துறவி ஒருவர் கதவைத் 'தள்ளினார்' என்று எழுதுவதா, 'தட்டினார்' என்று எழுதுவதா என்று கையை அசைத்து யோசித்துக்கொண்டே போய், பெரிய அதிகாரியும் எழுத்தாளருமான ஹான் யூவின் பரிவாரத்தில் மோதிவிட்டாராம். விவரம் கேட்ட ஹான் யூ, 'தட்டினார்' என்பதே நல்லது என்றாராம். தள்ளு, தட்டு என்ற அந்த இரண்டு எழுத்துகளையும் சேர்த்தால் சுய்க்கோ என்ற சொல் வருகிறது. எழுதியதைச் சொல் சொல்லாகச் செப்பனிடுவதற்கு ஜப்பானியர் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுய்சொக்கு என்பது ஊகம். சான்று குறைவு, தவறிப்போகலாம் என்பது சொல்லிலேயே இருக்கிறது. செய்தித்தாளில் ஒரு கருத்தை மட்டம்தட்ட வேண்டுமென்றால் "சுய்சொக்கு எல்லையைத் தாண்டவில்லை" என்று எழுதுவார்கள். ஆகவே உங்கள் வாடிக்கையாளரின் ஆய்வு முடிவுக்கு இதைப் போட்டால் அவரை நீங்களே கைவிட்டதாக ஆகும். ஆனால் ஒரு விதிவிலக்கு, அதுவும் பெரியது. புள்ளியியலில் ஸ்டாடிஸ்டிகல் இன்ஃபரன்ஸ் என்பதற்குக் கணிதத் துறையினரிடம் வேரூன்றிய பெயர் தோக்கேதெக்கி சுய்சொக்கு. அங்கே இழிவு எதுவும் இல்லை, அது துறைச்சொல். அதே புள்ளியியலில் காரண காரியத்தை ஆராயும் கிளைக்கு இங்கா சுய்ரொன் என்று பெயர். ஒரே பாடம், ஒரே ஆங்கிலச் சொல், இரண்டு ஜப்பானியச் சொற்கள். ஏன் என்று கேட்டுப் பயனில்லை, துறை அப்படிப் பழகிவிட்டது.

சுய்த்தே என்பது கணிப்பு அல்லது மதிப்பீடு. எண்ணோ அளவோ நிலையோ ஒன்றைக் குறித்து நிறுத்துவது. பொலிஸ் செய்தியில் அடையாளம் தெரியாதவரின் வயதைச் சொல்லும்போதும், புள்ளியியலில் எஸ்டிமேஷனைச் சொல்லும்போதும் இதுதான்.

சட்டத்தில் இந்தச் சொல்லுக்குத் தனிக் கூர்மை உண்டு. குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்ற கொள்கைக்கு சுய்த்தே முஜாய் என்று பெயர். ஜப்பானியக் குடிமைச் சட்டத்தில் 'சுய்த்தே சுரு' என்று இருந்தால், எதிர்ச்சான்று கொடுத்து அதை உடைக்கலாம் என்று பொருள். 'மினசு' என்று இருந்தால் வெறும் எதிர்ச்சான்றால் உடைக்க முடியாது. '32-இன் 2' என்று எண்ணிட்ட பிரிவின்படி, பலர் இறந்து யார் முதலில் இறந்தார் என்று தெரியாவிட்டால் ஒரே நேரத்தில் இறந்ததாக சுய்த்தே செய்யப்படுகிறது. ஏழு ஆண்டுகளாக உயிரோடிருக்கிறாரா என்று தெரியாமல் காணாமற்போய், நீதிமன்றத்தால் காணாமற்போனவர் என்று அறிவிக்கப்பட்டவரை 31-ஆம் பிரிவு இறந்தவராக மினசு செய்கிறது. அவர் உயிரோடு திரும்பி வந்தாலும், நீதிமன்றம் அந்த அறிவிப்பை நீக்கினால்தான் சட்டத்தின் கண்ணில் பிழைப்பார். ஒப்பந்தம் மொழிபெயர்ப்பவர்கள் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் வழக்கே தலைகீழாகும். தமிழிலும் 'அனுமானித்தல்', 'கருதப்படுதல்' என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

சுய்ரி என்பது தடயங்களை ஒன்றோடொன்று கோத்து மறைந்திருப்பதைக் கண்டுபிடிப்பது. 1946-இல் ஜப்பானிய அரசு 1,850 கான்ஜி எழுத்துகள் கொண்ட பொதுப்பட்டியலை வெளியிட்டது. துப்பறியும் கதைக்கு அதுவரை இருந்த தன்தே ஷோசெட்சு என்ற பெயரில் 'தே' என்பதற்கான எழுத்து அதில் இல்லை. அந்த இடத்தில் சுய்ரி ஷோசெட்சு என்ற பெயர் பரவியது. அன்றிலிருந்து சுய்ரி என்றாலே வாசகர் மனத்தில் பிணம், பூட்டிய அறை, அமைதியான துப்பறிவாளர் எல்லாம் வந்து நிற்கிறார்கள். என் பேரிங் அறிக்கைக்கு நேர்ந்த கதி இப்போது புரிந்திருக்கும்.

சுய்ரொன் என்பதுதான் முறைப்படியான பகுத்தறிதல். முன்கூற்றுகளிலிருந்து முடிவைப் பெறுவது. தருக்கம், உளவியல், கணினி எல்லாவற்றிலும் இது பாதுகாப்பான தேர்வு. ஆனால் செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதுகிறவர்கள் ஒரு குழியைத் தாண்ட வேண்டும். பயிற்றுவித்த மாதிரியை ஓட்டி விடை பெறுவது ஆங்கிலத்தில் இன்ஃபரன்ஸ். படிப்படியாகச் சிந்திப்பது ரீசனிங். ஜப்பானியத்தில் இரண்டும் சுய்ரொன். படிப்படியாகச் சிந்திக்கும் மாதிரிகளை சுய்ரொன் மொதெரு என்கிறார்கள், எந்த மாதிரியையும் ஓட்டுவதையும் சுய்ரொன் என்கிறார்கள். இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் வாசகர் திணறுவார். ஓட்டும் வேலையைக் குறிக்க சுய்ரொன் ஷொரி என்றும், சிந்திக்கும் திறனைக் குறிக்க சுய்ரொன் நோர்யொக்கு என்றும் வால் சேர்த்து எழுதிவிடுவேன். முதலாவது 'செயலாக்கம்', இரண்டாவது 'திறன்'. வால் இல்லாமல் விடுவது சோம்பல்.

குடும்பத்தில் இன்னும் சிலர் உண்டு. பிறர் மனநிலையை மரியாதையோடு உணர்ந்துகொள்வது சுய்சட்சு. தீர்ப்புகளில் நீதிபதி சான்றுகளிலிருந்து ஓர் உண்மையைப் பெறுவது சுய்னின். 'தள்ளு' எழுத்து இரண்டாவதாக வரும் ருய்சுய் என்பது ஒப்புமை வழியாக அறிவது. தேவைப்படும் நாளில் இவை உங்களைத் தேடிவரும்.

ரீசன்: 'ஏன்' என்று கேட்கிறீர்களா, 'எதை வைத்து' என்று கேட்கிறீர்களா?

"ஏன் நேற்று வரவில்லை?" என்பதற்கான பதில் ரியூ. "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்பதற்கான பதில் கொன்க்யொ. இந்த இரண்டு தமிழ்க் கேள்விகளைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். பகுத்தறியும் ஆற்றல் என்ற பொருளில் வந்தால் ரிசே. கோளாறின் காரணம் என்றால் கெனின்.

ரிக்குட்சு என்ற சொல்லிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அகராதியில் 'தருக்கம், காரணம்' என்று நல்ல பிள்ளையாக நிற்கும். பேச்சில் அது 'ஏட்டுச் சுரைக்காய்' ஆகிவிடும். ஒருவரை ரிக்குட்சுப்பொய் என்றால், எதற்கெடுத்தாலும் வாதம் செய்கிறவர் என்று பொருள். கூட்டத்தில் யாராவது நன்றாக விளக்கினால் அதை ரிக்குட்சு என்று பாராட்டிவிடாதீர்கள், 'ரொன்ரிதெக்கி' என்று சொல்லுங்கள். ரிக்குட்சுவுக்கு முன்னால் 'ஹெ' சேர்த்தால் ஹெரிக்குட்சு, அதாவது விதண்டாவாதம். அந்த 'ஹெ' என்ன என்று கேட்காதீர்கள் என்று சொல்ல நினைத்தேன், ஆனால் மறக்காமலிருக்க அதைவிட நல்ல வழி இல்லை: குசு.

ஆர்க்யுமென்ட்

கிரொன் என்பது கலந்துரையாடலும் விவாதமும். சண்டை என்றால் கோரொன். நிறுவிக்காட்டும் வாதம் ரொன்ஷோ. நிரல் எழுதும்போது சார்புக்கு (ஃபங்ஷன்) கொடுக்கும் மதிப்பு என்றால் ஹிக்கிசூ. இதன் இரண்டு எழுத்துகளை வழக்கமான முறையில் படித்தால் இன்சூ என்று வரும். கணிதத்தில் காரணி என்பதற்கும் அதே ஒலி என்பதால் ஹிக்கிசூ என்றே படிக்கிறார்கள்.

வாதம் செல்லுபடியாகிறது என்பதற்கு 'வேலிட்' என்ற சொல்லைப் பார்த்து யூக்கோ என்று எழுதுகிறவர்கள் உண்டு. ரயில் டிக்கெட்டுக்கு அது சரி. தருக்கத்தில் தத்தோ. அன்றாடப் பேச்சில் தத்தோ என்றால் 'ஏற்றது, நியாயமானது' என்று தளர்ந்துவிடும். விலை தத்தோ, தண்டனை தத்தோ என்பார்கள். தருக்கப் பாடநூலில் வடிவம் பிழையில்லாமலும் முன்கூற்றுகள் உண்மையாகவும் இருக்கும் வாதத்துக்குக் கென்ஜென் என்று பெயர். வெளியே அதற்கு 'ஆரோக்கியமான' என்று பொருள். பொதுவாசகருக்கு எழுதும்போது இந்த இரண்டு சொற்களையும் ஒரு விளக்க வரியோடு அறிமுகப்படுத்தாவிட்டால், உடற்பயிற்சிக் குறிப்பு என்று நினைத்துக்கொள்வார்.

அசம்ப்ஷனுக்கு ஒரே ஒரு கேள்வி: அதை வைத்துக்கொண்டவருக்கு அது தெரியுமா? அறிந்து அடித்தளமாக வைத்திருந்தால் ஜென்தே. வாதத்துக்காக 'இப்படி வைத்துக்கொள்வோம்' என்றால் கத்தே. தன்னையறியாமல் பிடித்துக்கொண்டிருக்கும் தவறான நம்பிக்கை என்றால் ஒமொய்கொமி. திட்டமிடும்போது எதிர்பார்த்த நிலைமை என்றால் சோத்தே. 2011 மார்ச் 11 பூகம்பத்துக்கும் அணுஉலை விபத்துக்கும் பிறகு 'சோத்தேகாய்', அதாவது எதிர்பார்ப்புக்கு அப்பாற்பட்டது, என்ற சொல் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சாக்காகப் பெயர் கெட்டது. நிறுவன அறிக்கைகளில் அதைத் தவிர்ப்பது நல்லது.

சொல்லின் வயதைப் பாருங்கள்

இந்தச் சொற்களில் பல, மேஜி காலத்தில் (1868–1912) மேலைத் தத்துவத்தை வரவேற்க உருவாக்கியவை. ஷிமானேயின் ட்சுவானோவில் 1829-இல் பிறந்த நிஷி அமானே, 1863 முதல் 1865 வரை நெதர்லாந்தின் லைடனில் சைமன் விசெரிங்கிடம் படித்தார். 1874-இல் மேலைத் தருக்கத்தை விளக்கும் நூலை வெளியிட்டார். தத்துவத்துக்கு ஜப்பானியத்தில் இன்றும் வழங்கும் தெட்சுகாக்கு என்ற சொல் அவருடையது. கினோ (பலவற்றிலிருந்து பொதுவுக்குப் போவது), என்எக்கி (பொதுவிலிருந்து தனிக்கு வருவது) என்ற இணையும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படுகிறது.

இதனால் உங்களுக்கு என்ன? இத்தகைய சொற்கள் ஏட்டில் மணக்கும், வாயில் ஒட்டாது. கினோ என்று பேச்சில் சொன்னால் கேட்பவருக்கு 'நேற்று' என்றோ 'செயற்பாடு' என்றோதான் முதலில் கேட்கும். மூன்றுக்கும் அதே ஒலி. என்எக்கியின் இரண்டாம் எழுத்து இன்றைய பொதுப்பயன்பாட்டுப் பட்டியலிலேயே இல்லை. கருத்தரங்கக் கட்டுரையில் தயங்காமல் எழுதுங்கள். பயனர் கையேட்டில் 'பல எடுத்துக்காட்டுகளிலிருந்து பொதுவான விதியைப் பெறுதல்' என்று விரித்துச் சொல்லிவிடுங்கள்.

நிஷிக்கு முன்னால் ஜப்பானில் தருக்கமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சீனத்தில் சுவான்சாங்கிடம் (நாம் யுவான் சுவாங் என்பவர்) படித்துத் திரும்பிய தோஷோ போன்ற துறவிகள் வழியாக ஏழாம் நூற்றாண்டிலேயே இன்ம்யோ என்ற பௌத்தத் தருக்கம் அங்கே போய்விட்டது. அதில் நேர்க்காட்சிக்கு கென்ர்யோ, அனுமானத்துக்கு ஹிர்யோ. இரண்டிலும் வரும் 'ர்யோ' என்றால் அளவு. நாம் பிரமாணத்தை அளவை என்கிறோமே, அதே அளவு. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் சொல்லும் பௌத்த அளவையும், சுவான்சாங் சீனத்தில் மொழிபெயர்த்த நியாயப்பிரவேசம் என்ற பௌத்தத் தருக்க நூலும் நெருங்கிய உறவினர்கள். ஆனால் பௌத்த நூலை மொழிபெயர்க்கும்போது தவிர, ஹிர்யோவை வெளியே எடுக்காதீர்கள். இன்றைய ஜப்பானியருக்கு அது கல்வெட்டுச் சொல்.

சில சமயம் பெயர்ச்சொல்லே வேண்டாம்

ஆங்கிலம் ஊகத்தைப் பெயர்ச்சொல்லில் வைக்கும். ஜப்பானியம் வாக்கியத்தின் கடைசியில் வைக்கும். தமிழும் அப்படித்தான் என்பதால் இந்த இடத்தில் நமக்கு இடம் சாதகம். "மழை பெய்யுமாம்" என்பது 'ஆமெ கா ஃபுரு சோதா'. கேள்விப்பட்டது. "மழை வரும்போலிருக்கிறது" என்பது 'ஆமெ கா ஃபுரிசோதா'. வானத்தைப் பார்த்துச் சொல்வது. ஒரு உயிரொலிதான் வேறுபாடு. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதற்கு ஒரு மாதம் செலவிடுவார். நாம் 'ஆம்', 'போல' என்று நினைத்துக்கொண்டால் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

அதே தமிழ் ஓரிடத்தில் காலை வாரும். "ஐந்து மணி வண்டியில் ஏறினார், இந்நேரம் வந்திருக்க வேண்டும்" என்பதில் 'வேண்டும்' கடமையைச் சொல்லவில்லை, கணிப்பைச் சொல்கிறது. ஜப்பானியத்தில் அது 'ஹஜு'. கடமைக்கு உரிய 'நக்கெரெபா நரனை' என்பதைப் போட்டுவிட்டால், வராததற்கு அவரைக் கண்டிப்பதுபோல் ஆகும். சான்றைவிட உள்ளுறுதி மேலோங்கினால் 'நிச்சிகைனை'. பனி கொட்டுவதை ஜன்னலில் பார்த்துவிட்டு "அதுதானே பார்த்தேன், இவ்வளவு குளிர்" என்றால் தோரிதெ. நியாயம் என்ற பொருளுள்ள தோரியிலிருந்து வந்தது இது. இப்படி ஒரு நல்ல சொல்லைக் கற்றுக்கொண்டு பயன்படுத்தாமல் விடுவது பாவம்.

எழுதிய பின் சரிபார்க்கும் வேலை

தேர்ந்த சொல்லை ஜப்பானியம்–ஜப்பானிய அகராதியில் பாருங்கள். ஆங்கிலப் பொருளைத் தரும் அகராதி உங்களை மீண்டும் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவரும். துறைச்சொல் என்றால் விக்கிப்பீடியாவின் ஆங்கிலக் கட்டுரையைத் திறந்து அதற்கு இணைத்த ஜப்பானியக் கட்டுரையின் தலைப்பைப் பாருங்கள். தலைப்பை அப்படியே நம்பாமல், முதல் பத்தியில் 'இப்படியும் சொல்வர்' என்று வருவதையும் படியுங்கள்.

பிறகு, அந்தச் சொல்லோடு யார் யார் சேர்ந்து நடக்கிறார்கள் என்று பாருங்கள். ஜப்பானிய மொழி ஆய்வுக்கான தேசிய நிறுவனம் சுமார் பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட எழுத்துமொழித் தொகுப்பை வைத்திருக்கிறது. சூனகொன் என்ற தேடுதளத்தில் பதிவு செய்துகொண்டால் இலவசமாகத் தேடலாம். பழைய அரசவைப் பதவியின் பெயர் அது, ஆனால் வேலை செய்வதில் அலட்டல் இல்லை. உங்கள் சொல்லுக்கு முன்னும் பின்னும் வரும் இருபது வரிகளைப் படியுங்கள். நீதிமன்றம், நாவல், அரசு அறிக்கை என்று எங்கிருந்து வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கட்டுரை என்றால் ஜப்பானிய ஆய்விதழ்களைத் தொகுத்துத் தரும் ஜே-ஸ்டேஜ் தளத்தில் அதே துறையின் சுருக்கங்களில் தேடுங்கள். இருபது வரிகளில் ஒன்றுகூட உங்கள் வரியைப் போல இல்லையென்றால், சொல் தவறு.

என் பேரிங் வரிக்கு வருகிறேன். சுய்ரியை அடித்துவிட்டு, 'தேய்ந்திருப்பதாக சுய்த்தே செய்யப்படுகிறது' என்று மாற்றி அனுப்பினேன். இந்த முறை கிண்டல் வரவில்லை. ஆனால் அதையும் அடித்து, 'தொ கங்கஎரரெரு' என்று போட்டிருந்தார் அம்மையார். 'என்று எண்ணப்படுகிறது', அவ்வளவுதான். ஓரத்தில் ஒரு குறிப்பு: "எவ்வளவு தேய்ந்தது என்று அளவு சொன்னால் சுய்த்தே. இங்கே அளவு எங்கே?"